ஏரி மக்களுடையது, ஏரியைப் பற்றிய அறிவு யாருடையது?

பழவேற்காட்டு ஏரியில் உவர்ப்பு எப்பொழுது ஏறும், எப்பொழுது இறங்கும், எந்தத் திங்களில் இறால் பெருகும், ஏரி கடலொடு கலக்கும் வாய் மணலால் தூர்ந்தால் எந்த மீன் குறையும் என்பனவற்றை அங்குள்ள மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். எந்தக் குழு எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலையிடுவது என்று குலுக்கலால் முறைசெய்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு எந்த அரசும் வகுத்துக் கொடுத்ததன்று. அக்குப்பங்களே வகுத்துக் காத்து வந்தது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய அதனையும் அதன் மக்களையும் ஆராய்ந்து உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் கட்டுரைகள் பல எழுதியுள்ளனர், பட்டங்களும் பெற்றுள்ளனர். ஆனால், கேட்டபோதெல்லாம் விடை சொன்ன மீனவனின் கைக்கு அவற்றுள் எத்தனை வந்து சேர்ந்தன?

வாராமைக்குக் கரணியங்கள் இரண்டு. ஒன்று பணம், மற்றொன்று மொழி.

பணத்தை முதலிற் பார்க்கலாம். ஆய்வுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு மக்களின் வரிப்பணம். கட்டுரை எழுதுபவர் ஆய்வாளர். அதனைப் பெரும்பாலும் கூலியின்றி மதிப்பிட்டுத் தருபவரும் ஆய்வாளரே. உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு அதே கட்டுரையை அவர்தம் நூலகத்துக்கே விலை கூறுவது பதிப்பு நிறுவனம்! இம்முறைகேட்டைக் கண்டே, ஆய்வுகள் யாவர்க்கும் விலையின்றிக் கிடைத்தல் வேண்டும் என்னும் அறிவிப்பு 2002-இல் புடாபெசுட்டு நகரிலிருந்து எழுந்தது. நிறுவனங்களோ அதனையும் வணிகமாக்கிக்கொண்டன. படிப்பவனிடம் வாங்கியதை இனி எழுதுபவனிடம் வாங்குவோம் என்றன. 'நேச்சர்' இதழ் 2021-இல் அதற்கெனக் குறித்த தொகை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அஃதாவது எட்டு இலக்கம் உரூபாவுக்கு மேல். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் எத்தனை பேரால் இதனைக் கொடுக்க இயலும்?

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு மூன்றாண்டுக்கென 6,000 கோடி உரூபா ஒதுக்கியது. முப்பது பதிப்பு நிறுவனங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனத்தார் படிக்கலாம். மாணவர்க்கு இது பயன்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும், கதவு திறந்தது வளாகத்துக்குள் இருப்பவர்க்கு மட்டுமே. வரி கொடுத்த மீனவன் வெளியிலேயே நிற்கின்றான்.

செலவில்லாத வழியும் உண்டு. ஆய்வாளர் தம் கட்டுரையின் இறுதிப் படியை நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால் உலகமே படிக்கலாம். அறிவியல் துறைகள் இரண்டு 2014-இலேயே தம் பொருளுதவி பெற்ற ஆய்வுகளுக்கு இதனைக் கட்டாயமாக்கின. 1947-இல் தோன்றி, நம் மண்டபத்தில் இயங்கிப் பின்னர்க் கொச்சிக்குச் சென்ற நடுவண் கடல்மீன் ஆய்வு நிறுவனம் தன் வெளியீடுகளை இவ்வாறே பொதுவில் வைத்துள்ளது. 2009-ஆம் ஆண்டு விதியின்பின் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் சேர்கின்றன. ஆனால், அங்கும் அறிவியல் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றது. பணத்தடை நீங்கிய இடத்தில் மொழித்தடை நிற்கின்றது.

இது வெறும் படிப்புச் சிக்கலன்று, வாழ்வுச் சிக்கல். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. அத்தகைய அவையில் நிறுவனத்தார் ஆங்கில அறிக்கையை அடுக்கி வைப்பர். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி வட்டார மொழியில் தரவேண்டுவது சுருக்கம் மட்டுமே. 2020-இல் வந்த புதிய வரைவை அட்டவணை மொழிகள் 22-இலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது ஒன்றிய அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது. தன் ஏரியைப் பற்றித் தன் வரிப்பணத்தில் செய்த ஆய்வைத் தன் மொழியில் படித்திராத மீனவன் அவ்வவையில் எதைக் காட்டி வழக்காடுவான்?

இவ்விடைவெளியை அடைக்க வல்லவர் நூலகரே. சீர்காழியிற் பிறந்த அரங்கநாதனார் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1929-இல் நூலகர் பயிற்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய படிப்பாளியைச் சென்றடைதல் வேண்டும் என்பது 1931-இல் அவர் வகுத்த நெறிகளுள் ஒன்றன் கருத்து. அவ்வாண்டே மன்னார்குடிப் பக்கத்து ஊர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. அன்று வண்டியில் ஏற்றிய நாடு இன்று கைபேசியில் ஏற்ற இயலாதா? கல்லூரி நூலகர்க்குப் புதுப்பயிற்சி தருதல் வேண்டும். களஞ்சியம் அமைக்கவும், ஆய்வாளர்க்குள்ள உரிமையை எடுத்துரைக்கவும், பணம் பறிக்கும் போலி இதழ்களை இனங்காட்டவும், ஆய்வுகளைத் தமிழ்ச்சொல்லால் தேடுமாறு பகுத்து வைக்கவும் அவர் கற்றல் வேண்டும்.

தமிழர்க்கு இது புதிதன்று. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கிப் பின்னர் மக்களுடைமை ஆக்கியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய ஈழத்து 'நூலக'மும் தன்னார்வலர் உழைப்பால் தமிழ்நூல்களை உலகுக்குத் திறந்துவிட்டன. பாட்டை நாட்டுடைமையாக்கிய அரசு ஆய்வையும் நாட்டுடைமையாக்குக! தமிழக அரசின் பொருள்பெற்ற ஒவ்வோர் ஆய்வும் பொதுக் களஞ்சியத்தில் சேர்தல் வேண்டும். நான்கு பக்கமேனும் தெளிதமிழ்ச் சுருக்கம் அதனொடு இணைதல் வேண்டும். அச்சுருக்கம் ஆய்வு நிகழ்ந்த ஊரின் நூலகத்துக்குச் செல்லுதல் வேண்டும். பழவேற்காட்டில் எடுத்த அறிவு பழவேற்காட்டுக்குத் திரும்பட்டும்!