சர்க்கரைக்குச் சோறு மட்டும்தான் குற்றவாளியா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஷிப்ட் விடும் நேரத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். சர்க்கரை நோய் பற்றிப் பேச்சு வந்தால் தீர்ப்பு ரெடி: "எல்லாம் அரிசிச் சோறு, பரம்பரை, டென்ஷன்." தீர்ப்புச் சொல்பவரின் டீயில் சர்க்கரை இருக்காது. கையில் மட்டும் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும்!

சிகரெட் என்றால் நம்மவர்களுக்குப் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். தியேட்டர் விளம்பரம் அப்படிப் பழக்கிவிட்டது. அது யாருக்கோ, எப்போதோ வருவது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சர்க்கரையை அப்படித் தள்ளிவிட முடியுமா? 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

இதில் சிகரெட் எங்கே வந்தது? அழற்சி வழியாக வந்தது. விரலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுடுகிறதல்லவா, அதுதான் அழற்சி. முள்ளை எடுத்தால் இரண்டு நாளில் அடங்கிவிடும். புகையோ தினமும் பத்து முறை குத்தும் முள். அடங்க நேரமே கொடுக்காது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடுகின்றன. அழற்சியில் சுரக்கும் பொருட்கள், இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் கேட்கவிடாமல் குறுக்கே நிற்கின்றன. இன்சுலின் இருக்கும், வேலை நடக்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். புகைப்பவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்லிவிட்டது.

"தம் அடிச்சா உடம்பு ஏறாது" என்று ஒரு கோஷ்டி உண்டு. எடை ஏறாமல் இருக்கலாம். ஆனால் புகைப்பவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது அதிகம், அந்தக் கொழுப்பே அழற்சியைக் கூட்டும். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் ஒரு தொப்பை... ஊரில் பார்த்ததே இல்லையா?

இரவு ஷிப்ட் வேறு தன் பங்குக்குச் சர்க்கரை ஆபத்தைக் கூட்டுகிறது. தூக்கத்தை விரட்ட மறுபடியும் சிகரெட். முகாம் போட்டுச் சர்க்கரை பார்க்கிற நிர்வாகங்கள், ஷிப்ட் முறையையும் கேட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டிக்கடையையும் பற்றி வாய் திறக்க வேண்டாமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் மாத்திரைக்கு ரொம்ப வருஷம் முன்பே சிகரெட் தொழிலாளியைத் தேடி வந்துவிடுகிறதே!

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கர்நாடகத்தின் திருத்தச் சட்டத்துக்கு 2025 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது. புகையிலை வாங்கும் வயது 21, பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 1000 ரூபாய் வரை. இந்தப் பக்கம் மத்திய சட்டத்தின் பழைய 18 வயது, 200 ரூபாய். அத்திப்பள்ளியில் 19 வயது அப்ரண்டிஸுக்கு விற்றால் குற்றம். நாலு எட்டு வைத்து ஜூஜூவாடிக்கு வந்தால் அதே பையனுக்கு அதே சிகரெட் சட்டப்படியே கிடைக்கும். (அவன் நுரையீரலுக்கு மாநில எல்லை தெரியுமா என்ன?)

விட்டுவிட்டால் அந்த ஆபத்து 30 முதல் 40 சதவீதம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொன்னது. எந்த மாத்திரையும் இல்லாமல்! வீட்டு வாசலில் மருத்துவம் தந்த அரசு, ஜூஜூவாடி பெட்டிக்கடை வாசலில் அந்த 21-ஐக் கொண்டுவர எதற்காகக் காத்திருக்கிறது?