இந்தக் கிற்றார்காரனுக்கு எத்தனை விரல்?

வீட்டு அறையில் கணினியை வைத்துப் பாட்டுப் பதிகிற யாழ்ப்பாணத்துப் பெடியன்களுக்குப் பழகிப்போன தீர்ப்பு ஒன்று உண்டு: "உது கிற்றார் இல்லைத் தம்பி, கொம்பியூட்டர். உயிரில்லை." சொல்பவர்கள் ஞானசூனியங்கள் அல்லர். 1970களில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் ஊரெல்லாம் ஒலித்தபோது கிற்றாரைக் காதில் ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களுடைய காது சரி. சொல்லுகிற காரணம்தான் பிழை.

'கொம்பியூட்டர் சத்தம்' என்கிறார்கள். நல்ல கிற்றார் மென்பொருள் பலவற்றுக்குள் இருப்பது மெய்யான கிற்றாரின் ஒலிப்பதிவு. ஒரு கலைஞரை இருத்தி, ஒவ்வொரு தந்தியையும் கட்டம் கட்டமாக, மெல்லவும் ஓங்கியும் உள்ளங்கையால் அமத்தியும் பலதரம் மீட்டவைத்துப் பதிந்திருப்பார்கள். ஒரே சுரத்தை அடுத்தடுத்துத் தட்டினால் வெவ்வேறு பதிவுகள் மாறி மாறி வரும். விரல் கம்பியில் உரசும் கீச்சொலிகூட உண்டு.

பிறகேன் செத்த சத்தமாகக் கேட்கிறது? கீபோட்டில் பழகிய கை கிற்றாருக்கு எழுதுவதால். நானே பட்டேன். முதன்முதலில் ஒரு பைலா மெட்டுக்குக் கிற்றார் போட்டு, பழைய வாத்தியக்காரர் ஒருவருக்குக் கேட்கக் கொடுத்தேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "தம்பி, இந்தக் கிற்றார்காரனுக்கு எத்தனை விரல்?" என்றார். ஆகத் தடித்த ஆறாம் தந்தியில் மட்டுமே கிடைக்கும் இரண்டு சுரங்களை நான் ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டிருந்தேன். ஒரு தந்தி ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். மென்பொருளுக்கு அது தெரிந்திருக்கலாம்; எனக்குத் தெரியவில்லை.

சி மேஜர் கோட்டை (chord) எடுங்கள். கீபோட்டில் மூன்று விரல், நெருக்கமாக ச-க-ப. கிற்றாரில் அதுவே ஐந்தாம் தந்தியிலிருந்து ச-க-ப-ச-க என்று ஐந்து தந்திகளில் விரியும். ஆறாம் தந்தியைத் தொடுவதில்லை. அடுத்தது அடி. கை கீழே இறங்கும்போது தடித்த தந்தி முந்தும், மெல்லியது பிந்தும். இடைவெளி ஒரு விநாடியில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான், ஆனால் காது அதைப் பிடித்துவிடும். கை மேலே ஏறும்போது மெல்லிய மூன்று நாலு தந்திகளோடு நின்றுவிடும். ஆறெட்டுத் தாளத்துப் பைலாவில் இடையிடையே இடக்கை தளர்ந்து 'சக்' என்று ஒரு மொட்டை அடி விழவேண்டும், ஆட்டமே அதில்தான். கணினிக்குச் சுரங்களைச் சொல்லும் மிடி (MIDI) முறையில் அடியின் வேகத்துக்கு 127 படிகள் இருக்க, எல்லா அடியையும் 100இல் வைத்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரித்தான் இருக்கும்.

'விலைகூடிய மென்பொருள் வாங்கினால் எல்லாம் சரி' என்பது மறுகரையில் நிற்பவர்களின் கதை. மேலே சொன்ன பிழைகளை விலைகூடிய மென்பொருள் இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

'வாசிக்கிறவன்ரை பிழைப்புப் போச்சு' என்ற முறைப்பாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. கமகம் இழையத் தந்தியை இழுத்து ஒரு தனி வாசிப்பு வேண்டுமென்றால் நான் இன்றைக்கும் ஆளைத்தான் கூப்பிடுவேன். சுட்டியால் வளைத்த சுரம் அந்த இழைவைத் தராது. ஆனால் பாடகரின் பின்னால் நாலு நிமிடம் தாளத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும் கிற்றாருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத பெடியன், ஆள் இல்லை என்பதற்காகப் பாட்டையே கைவிடவேண்டுமா?

கொக்குவிலிலோ கரவெட்டியிலோ திரைக்கு முன்னால் குந்தியிருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒன்று: பழைய கிற்றார் ஒன்றை இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தந்தி அறுந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் விரல் அதில் எட்டாத கோட்டைத் திரையிலும் போடாதீர்கள்.