நாய்த் தீவனத்துக்கு யார் பொறுப்பு?

1974-ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள்காமாலையும் வயிற்று வீக்கமுமாக ஒரு நோய் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்து, சரிவர உலர்த்தப்படாமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தில் வளர்ந்த பூஞ்சையின் நச்சே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 'அஃப்லாடாக்சின்' எனப்படும் அந்த நச்சு, கல்லீரலைத் தாக்கக் கூடியது. அந்த ஆய்வுகளில் பதிவான ஒரு தகவல் இன்றும் கவனத்துக்குரியது. மனிதர்களுக்கு நோய் காண்பதற்கு முன்பே, அக்கிராமங்களின் நாய்களிடம் அதே நோய்க்குறிகள் தென்பட்டன.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வீட்டில் மிஞ்சிய சோற்றை உண்டு வாழ்ந்த நாய்க்கு, இன்று சிற்றூர் மளிகைக் கடையிலும் பையில் அடைத்த உணவு கிடைக்கிறது. பத்து ரூபாய், இருபது ரூபாய்ப் பொட்டலம் முதல் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மூட்டை வரை வகைவகையாக விற்பனையாகிறது. அந்தப் பைக்குள் இருப்பது தரமானதா, பாதுகாப்பானதா என்பதை வாங்குபவர் எப்படி அறிவது? அவர் அறிய முடியாததை அவருக்காக அறிந்து சொல்லும் பொறுப்பு யாருடையது? முதல் கேள்விக்கு ஓரளவே விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் தெளிவான விடை இல்லை.

அண்மையில் சில நிறுவனங்களின் பைகளை வாங்கி, அவற்றின் பின்புறத்தைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். முன்புறத்தில் கோழியும் காய்கறியும் பளபளக்கின்றன. பின்புறத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலப் பட்டியல். தமிழில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலம் அறிந்தவருக்கும் அந்தப் பட்டியல் எளிதில் பிடிபடாது.

மூலப்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுதுவது வழக்கம். கோழி இறைச்சி முதலிடத்தில் இருந்தால் அந்த உணவில் இறைச்சியே மிகுதி என்று எண்ணத் தோன்றும். ஆனால், அந்த எடை சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். உலர்ந்த உருண்டையாக மாறும்போது அந்த நீர் ஆவியாகிவிடும். நூறு கிராம் இறைச்சி முப்பது கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். முன்பே உலர்த்தி அரைத்த இறைச்சித் தூளுக்கு இந்தச் சுருக்கம் இல்லை. எனவே, பட்டியலில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ உள்ள தானியமே உண்மையில் முதலிடத்தில் இருக்கக் கூடும். அரிசி, குருணை, தவிடு என ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கி, இறைச்சி மேலே ஏறிவிடும். இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால், முழு உண்மையுமல்ல.

புரத அளவும் அப்படித்தான். 20% புரதம் என்று எழுதிய உலர் உணவையும், 8% புரதம் என்று எழுதிய ஈர உணவையும் அருகருகே வைத்தால், முன்னதே சத்துமிக்கது என்று தோன்றும். முதலாவதில் ஈரப்பதம் 10%, இரண்டாவதில் 82% என்று கொள்வோம். நீரைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் முதலாவதில் 22 விழுக்காடும், இரண்டாவதில் 44 விழுக்காடும் புரதம் இருக்கும். ஈரப்பதத்தைக் கழிக்காமல் இரு உணவுகளை ஒப்பிடக் கூடாது என்பதே வாங்குபவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

அடுத்து, அந்த உணவு எந்த வயது நாய்க்கானது, அது முழுமையான அன்றாட உணவா அல்லது இடையிடையே தரும் தின்பண்டமா என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவின்படி, நீர் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடும் குட்டிக்கு 22.5 விழுக்காடும் புரதம் தேவை. இந்த அளவுகளைப் பல நாட்டுத் தயாரிப்பாளர்களும் மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால், அந்தச் சங்கம் எந்த உணவையும் சோதித்து ஒப்புதல் அளிப்பதில்லை. அதன் பெயர் பையில் அச்சாகியிருப்பதாலேயே அது அரசு முத்திரை ஆகிவிடாது.

இவ்வளவையும் கற்றுத் தேர்ந்த ஒருவர், தரத்தை ஓரளவு எடைபோடலாம். பாதுகாப்பை எடைபோட முடியாது. நச்சுப்பொருள் எதுவும் மூலப்பொருள் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இதை உலகுக்கு உணர்த்தியது 2007-ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மார்ச் மாதம், கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனம் ஆறு கோடிக்கும் மேற்பட்ட நாய், பூனை உணவுப் பொதிகளைத் திரும்பப் பெற்றது. வட அமெரிக்காவில் செல்லப்பிராணிகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்துகொண்டிருந்தன. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் இறக்குமதியான மாவில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் வேதிப்பொருளை உணவில் ஏன் கலக்க வேண்டும்? புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை, உண்மையில் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடுகிறது. மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன், சோதனையில் நான்கு கிராம் புரதமாகக் கணக்கேறும். நம் நாட்டில் பாலில் யூரியா கலப்பவர்கள் நம்பியிருப்பதும் இதே ஓட்டையைத்தான்.

திரும்பப் பெற்ற பொதிகளில் விலையுயர்ந்த, புகழ்பெற்ற பெயர்களும் இருந்தன. பேரங்காடிகளின் மலிவான சொந்தப் பெயர்களும் இருந்தன. எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் ஆலைகளில் உருவானவை. விலை பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்ற நம்பிக்கை அன்றோடு தகர்ந்திருக்க வேண்டும்.

அதைவிடக் கொடிய பாடம் அடுத்த ஆண்டு வந்தது. 2008-இல் சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளுக்கான பால் பொடியில் கண்டறியப்பட்டது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். நாய்களின் சிறுநீரகத்தில் ஓராண்டுக்கு முன் தெரிந்த எச்சரிக்கையை உலகம் 'நாய் விவகாரம்' என்று ஒதுக்கிவைத்திருந்தது. 1974-இல் நம் கிராமங்களில் நடந்ததும் வேறல்ல.

அஃப்லாடாக்சின் ஆபத்தும் இன்னும் ஒழியவில்லை. 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் 'ஸ்போர்ட்மிக்ஸ்' என்ற நாய் உணவு திரும்பப் பெறப்பட்டது. நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல் வந்துள்ளது என்று அடுத்த மாதம் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. மக்காச்சோளம் போன்ற தானியங்களில் வளரும் பூஞ்சையின் இந்த நச்சு, ஆலையின் வெப்பத்தில் முழுமையாக அழிவதில்லை. உருண்டையைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் இயலாது. பல நாள்கள் தொடர்ந்து ஒரே பை உணவை மட்டும் உண்ணும் நாய்க்கு, தப்பிக்க வேறு தட்டு இல்லை.

ஆனால், அமெரிக்காவில் அந்தச் சாவுகள் எண்ணப்பட்டன. கெட்ட தொகுதி எது என்பது அறிவிக்கப்பட்டது. கடைகளிலிருந்து அது அகற்றப்பட்டது. 2007-இல் பட்ட அடிக்குப் பிறகு, செல்லப்பிராணி உணவுக்கு முன்னெச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று அதே ஆண்டில் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சீர்திருத்தச் சட்டம், தயாரிப்பு ஆலையே ஆபத்துகளை முன்கூட்டிக் கணித்துத் தடுக்க வேண்டும் என்ற கடமையை விலங்கு உணவுக்கும் விதித்தது.

இங்கே நிலைமை என்ன? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 'உணவு' என்பதற்கு அளிக்கும் வரையறை மனிதர் உண்பதற்கானது. விலங்குத் தீவனம் அதில் சேராது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. கறவை மாட்டின் தீவனத்தின் மீதாவது ஆணையத்துக்கு அக்கறை உண்டு. மாடு உண்ணும் நச்சு பாலில் இறங்கும் என்பதால், பாலில் இருக்கக் கூடிய அஃப்லாடாக்சினுக்கு உச்சவரம்பு உள்ளது. நாய் உண்பது நம் தட்டுக்கு வருவதில்லை. அதனால், அது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கென ஐ.எஸ். 11968 என்ற தரநிலையை வகுத்துள்ளது. ஆனால், அதைப் பின்பற்றுவது தயாரிப்பாளரின் விருப்பம். சென்னையில் நாய் வளர்ப்பவர் மாநகராட்சியிடம் உரிமம் பெற வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது பொட்டலமிட்ட நாய் உணவு 18% வரிப் பிரிவில் வைக்கப்பட்டது. வளர்ப்பவருக்குக் கடமை உண்டு. வாங்குபவர் வரியும் செலுத்துகிறார். விற்கும் பொருள் பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கும் கடமை மட்டும் எவருக்கும் கட்டாயமாக்கப்படவில்லை.

பிள்ளைகளுக்கே ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கும் நாட்டில் நாய் உணவுக்குச் சட்டம் கேட்பது ஆடம்பரம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், நாய் உணவில் சேரும் மக்காச்சோளமும் குருணையும் தவிடும் தனி உலகத்தில் விளைபவை அல்ல. அதே வயல், அதே களம், அதே கிடங்கு. அங்கே பூஞ்சை பிடித்தால் அது கோழிப் பண்ணைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் மாவு ஆலைக்கும் செல்லும். நாய் உணவைச் சோதிப்பது, நம் தானியக் கிடங்குகளையும் சேர்த்துச் சோதிப்பதே ஆகும்.

பையில் அடைத்த உணவே வேண்டாம், வீட்டுச் சோறே போதும் என்பாரும் உண்டு. வீட்டு உணவு நல்லதே. ஆனால், அளவறிந்து தர வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல், நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 95% குறிப்புகளில் குறைந்தது ஒரு சத்தாவது போதிய அளவில் இல்லை. வெறும் சோறும் இறைச்சியும் உண்ணும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து பற்றாது. நம் குழம்பில் தவறாமல் சேரும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே, பையைத் தூக்கியெறிவது தீர்வல்ல. பையில் இருப்பதை நம்பத்தக்கதாக ஆக்குவதே தீர்வு.

அதற்குப் புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின்படி, ஒரு தரநிலையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு ஆணையிட முடியும். பொம்மைக்கும் தலைக்கவசத்துக்கும் செய்ததை நாய் உணவுக்கும் செய்யலாம். ஒவ்வொரு தொகுதியையும் அஃப்லாடாக்சினுக்குச் சோதித்து, முடிவைத் தயாரிப்பாளர் பேணிக் காக்க வேண்டும் என்று விதிக்கலாம். ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஏற்கெனவே உண்டு.

அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தகவல் வேண்டும். ஒரே வாரத்தில் வேலூரில் இரண்டு நாய்களும் மதுரையில் மூன்று நாய்களும் ஒரே பை உணவால் கல்லீரல் கெட்டு இறந்தால், அவற்றை இணைத்துப் பார்க்க ஓரிடம் இருக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் உள்ளன. உணவால் நேர்ந்ததாக ஐயுறும் நோய்களை அரசு, தனியார் கால்நடை மருத்துவர்கள் தெரிவிப்பதற்கான பதிவேட்டை அப்பல்கலைக்கழகமே தொடங்கி, நாட்டுக்கு முன்மாதிரியாகலாம்.

அதுவரை வாங்குபவர் செய்யக் கூடியவை சிலவே எனினும் பயனற்றவை அல்ல. பையைப் பிரித்துச் சில்லறையாக எடைபோட்டுத் தரும் கடையில் வாங்காதீர்கள். காற்றும் ஈரமும் பட்டால் கொழுப்பு சிக்கடித்துப் பூஞ்சை பிடிக்கும். தொகுதி எண்ணும் தெரியாமல் போகும். உணவு தீரும்வரை பையை வைத்திருங்கள். உண்டுகொண்டிருந்த நாய் திடீரென்று உணவை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்துச் சோர்ந்தாலோ, கண்ணும் ஈறும் மஞ்சளானாலோ உடனே அந்த உணவை நிறுத்திவிட்டு, பையுடன் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். இந்த உணவுக்கான சூத்திரத்தை வகுத்த ஊட்டச்சத்து நிபுணர் யார், எந்த ஆலையில் தயாராகிறது, எந்தெந்த நச்சுகளுக்குச் சோதிக்கிறீர்கள் என்று பையில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். நல்ல நிறுவனம் விடை சொல்லும். விடை சொல்லாததும் ஒரு விடைதான்.

ஆனால், குடிமக்கள் ஒவ்வொருவரும் வேதியியல் ஆய்வாளராக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. எழுதிய விவரம் உண்மையா என்று சோதிப்பதும், எழுதப்படாத நச்சைத் தேடுவதும் அரசின் வேலை. இரண்டு முறை நாய்கள் முன்னதாக எச்சரித்தும் நாம் கேட்கவில்லை. மூன்றாவது எச்சரிக்கை வரும்போது அதைப் பதிவு செய்ய ஓர் ஏடாவது, ஆராய ஓர் ஆய்வகமாவது, தடுக்க ஓர் ஆணையாவது நம்மிடம் இருக்க வேண்டும்.