கதிரையை விட்டு எழும்பிய செனற்றர்



மாகாண சபைத் தேர்தல் வரும், வராது என்று கதை அடிபடும்போதெல்லாம் நமக்கு நினைவில் வருபவர் செனற்றர் மு. திருச்செல்வம். இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தால், 1999இல் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வத்தின் தந்தை என்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

1965 மார்ச்சில் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மாவட்ட சபைகள் தருவதாகப் பேச்சு. தமிழரசுக் கட்சி தன் எம்.பி. ஒருவரையும் அமைச்சராக்கவில்லை. சட்டத்தரணியான திருச்செல்வம் செனற் சபைக்கு நியமிக்கப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். மூன்று வருடம் சொச்சம் இருந்தார். 1968இல் திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவர் எதிர்த்தார். பிரதமர் குழுவை நிறுத்திவிட்டார். திருச்செல்வம் பதவியை விட்டார். கட்சியும் அரசை விட்டு வெளியேறியது.

ஒரு குழுவைக்கூட வைத்திருக்க முடியாத அமைச்சுப் பதவி! அதைத் தூக்கிப் போட்டது மரியாதை என்றே நாம் சொல்வோம். ஆனால் மாவட்ட சபைத் திட்டமும் அதே 1968இல்தான் கைவிடப்பட்டது. எழும்பியிருக்க வேண்டியது அதற்காக. கோயிலைச் சிறிதாக்கிப் பேசுவதாக யாரும் எடுக்க வேண்டாம். வணக்கத்தலம் மற்றவர் தயவில் இருப்பது என்னவென்று, 1990 ஒக்டோபரில் பள்ளிவாசல்களைப் பூட்டிவிட்டுப் போன நமக்குத் தெரியும். ஆனால் மாவட்ட சபை கிடைத்திருந்தால் அது கோயிலுக்குப் போகிறவருக்கும், பள்ளிக்குப் போகிறவருக்கும், வயல் விதைக்கிறவருக்கும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

அவர் சும்மா ஓய்ந்துபோனவரும் அல்ல. 1976இல் அமிர்தலிங்கத்துக்காக 'ட்ரயல் அட் பார்' நீதிமன்றில் வாதாடினார். அந்த வருடமே காலமானார். அவர் இருந்த செனற் சபை 1971இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது.

இப்போது நம் குளத்துக்கு வருவோம். இரணைமடுத் தண்ணீர் வயலுக்கா, யாழ்ப்பாணத்துக் குடிநீருக்கா என்று எத்தனை வருடமாக இழுபறி? அதைப் பேச நாம் தெரிவுசெய்த மாகாண சபை உறுப்பினர் 2018 ஒக்டோபருக்குப் பிறகு ஒருவரும் இல்லை. ஆளுநர் இருக்கிறார், அதிகாரிகள் இருக்கிறார்கள். நாம் வாக்குப் போட்டவர் இல்லை.

தேர்தல் வந்து வேட்பாளர்கள் படலைக்கு வந்தால், என்ன செய்து தருவீர்கள் என்று கேட்பதோடு விடாதீர்கள். எது நடக்காவிட்டால் கதிரையை விட்டு எழும்புவீர்கள் என்றும் கேளுங்கள். நாம் கேட்கத்தான் போகிறோம்.