அந்த வெளி விளக்கை அணைப்போமா?



முழுப் பரீட்சை நெருங்கினால் சில வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "லீவுக்கு டெலஸ்கோப் வாங்கித் தாங்கப்பா." ஆன்லைனில் தேடினால், 675 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அட்டையில் அச்சடித்த டெலஸ்கோப் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலிருந்தே கேலக்ஸியைப் படம் பிடிக்கலாம்; அதற்கு அத்தனை மடங்கு எதற்கு? ஆண்ட்ரோமிடா கேலக்ஸி நம்மிடமிருந்து 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அப்படியும் வானத்தில் அதன் நீளம் முழு நிலவின் அகலத்தைப் போல ஆறு மடங்கு. பிறகு ஏன் நம் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை? ரொம்ப மங்கல், அதுதான் காரணம்.

மங்கலான வெளிச்சத்தைச் சேர்த்துவைக்கக் கண்ணால் முடியாது, கேமராவால் முடியும். 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் லிவர்பூல் பக்கம் தன் வீட்டிலேயே 20 அங்குல டெலஸ்கோப் வைத்து, கண்ணாடித் தகட்டில் ஆண்ட்ரோமிடாவின் சுருள் வடிவத்தைப் பதிவு செய்தார். அவருக்குத் தொழில் கட்டட கான்ட்ராக்ட். கேலக்ஸி படம் வீட்டில் எடுக்கிற விஷயம் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இன்று 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் கொண்ட ஸ்மார்ட் டெலஸ்கோப் போதும். நல்ல செல்போன் விலைதான். நட்சத்திரங்களைப் பார்த்து தானே திசை கண்டுபிடித்து, 10 விநாடிக்கு ஒரு படமாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். முதல் படத்தில் சாம்பல் கறையாகத்தான் தெரியும். சொட்டுச் சொட்டாக விழும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும் கணக்குதான். நூறு படம் சேர்ந்தால் தெளிவு பத்து மடங்கு கூடும். ஒரு மணி நேரத்தில் கறைக்குள்ளிருந்து சுருள் எழுந்து வரும்.

அதுவும் செலவுதான் என்கிறீர்களா? உங்கள் தெருவில் கல்யாண போட்டோகிராபர் ஒருவர் இருப்பார். அவருடைய டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் லென்ஸ், ஸ்டாண்ட் மூன்றும் ஒரு ராத்திரிக்குக் கிடைத்தால், ஐந்து ஐந்து விநாடியாக இருநூறு படம் எடுத்து ஆண்ட்ரோமிடாவைப் பிடித்துவிடலாம். அடுக்குவதற்கு சிரில், டீப்ஸ்கை ஸ்டாக்கர் என்று இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. பகலில் மட்டும் எந்தக் குழந்தையும் டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் போய்விடும்.

இதில் நம் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. கேலக்ஸிகள் அதிகம் தெரிகிற காலம் மாசி முதல் சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, பிசான அறுவடையும் நடந்து, நம் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடப்பதும் அப்போதுதான். பஞ்சாங்கத்தில் தினமும் பார்க்கும் பூரம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று கேலக்ஸிகள் ஒரே படத்துக்குள் அடங்கும். பங்குனி ராத்திரியில் அவை கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலே வருகின்றன. அஸ்தத்துக்கு அருகே, சித்திரை நட்சத்திரத்துக்கு மேற்கே, சொம்ப்ரேரோ கேலக்ஸி. நடுவில் கறுப்புப் பட்டை ஓடுவது சின்ன டெலஸ்கோப் படத்திலேயே தெரியும். தெற்கே சென்டாரஸ் ஏ கேலக்ஸி. லண்டனில் இருப்பவருக்கு அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பாளையங்கோட்டை மொட்டை மாடியிலோ தாராளமாகத் தெரியும்.

வடவானம், தென்வானம் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் என்பது ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு உள்ள பெருமை. நாம் அதைவிட நில நடுக்கோட்டுக்கு நெருக்கம். சிரமங்களும் உண்டு. துருவ நட்சத்திரம் சுமார் 9 டிகிரி உயரத்திலேயே இருப்பதால் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேற்கே பொதிகை மறைக்கும். தை மாதம் வயலோர வீடுகளில் லென்ஸில் பனி கோத்துக்கொள்ளும். எல்லாம் சமாளிக்கக் கூடியவைதான்.

சமாளிக்க முடியாமல் போய்க்கொண்டிருப்பது வெளிச்சம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் புறவாசலில் நின்றால் வயல்வெளி இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. அங்கேயும் முக்குக்கு முக்கு ஹைமாஸ் விளக்கு வந்துவிட்டது. வெள்ளை எல்இடியில் இருக்கும் நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கிறது. தெருவிளக்கு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பாம்பும் பூரானும் திரிகிற ஊர். பெண்கள் வேலை முடிந்து திரும்புகிற தெரு. தரைக்கு வேண்டிய வெளிச்சம் தரையில் விழட்டும் என்றுதான் கேட்கிறேன். விளக்கின் மேல் ஒரு மூடி, கீழ்நோக்கிய முகம், இவ்வளவே போதும். அதே கம்பத்தில் தெரு இன்னும் நன்றாகவே தெரியும்.

கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் எத்தனை குடும்பம் பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் போகும்? இருட்டு அவரவர் ஊரிலேயே கிடைக்க வேண்டும்.

எதையும் வாங்கும் முன் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில், வான்நோக்கு நிகழ்ச்சி எப்போது என்று விசாரித்து, பிள்ளையைக் கூட்டிப்போய் ஒருமுறை டெலஸ்கோப்பில் பார்க்க வையுங்கள். வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது விளக்குக்கு மூடி போடச் சொல்லிக் கேளுங்கள். பங்குனி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டு வெளி விளக்கை அணைத்துவையுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். அன்றைக்கு எடுக்கும் படத்தை, எத்தனை மங்கலாக வந்திருந்தாலும், ஊர்ப் பெயரோடு எங்களுக்கு அனுப்புங்கள். கட்டாயம் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்