பின்னாடி வர்றவனுக்கு ஒரு விளக்கு

போன மார்கழில நடந்த விஷயம் இது. எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசம் யோசிச்சேன். தப்பு என் மேல இருக்கறதால எழுதிடறதுதான் நல்லதுன்னு தோணுச்சு.

டவுன்ஷிப்புல வேலையை முடிச்சிட்டு சாயந்தரம் ஆறரை மணிக்கு ஊருக்குத் திரும்பிட்டு இருந்தேன். கார் பின்னாடி நாலு மூட்டை பிண்ணாக்கு. ஆர்ச் கேட் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு எங்க ஊர் ரோட்டுல திரும்பிட்டா ஒரே இருட்டு. 1962-லேருந்து கரண்டு எடுக்கற ஊருக்குப் பக்கத்துலதான் இருக்கோம், ஆனா எங்க ரோட்டுல வெளிச்சம்னா நம்ம வண்டி வெளிச்சம் மட்டுந்தான். பனி வேற. ஏரிக்கரை வளைவுல ஒரு எருமை குறுக்க வந்துச்சு. பிரேக் அடிச்சேன். எருமை தப்பிச்சுது. பின்னாடி 'டமார்'னு ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தா எங்க தெருப் பையன். ஒப்பந்தத் தொழிலாளியா ஷிப்டு முடிச்சிட்டு மொபெட்ல வந்தவன் என் காரு பின்னாடி இடிச்சு விழுந்து கெடக்கான். வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது.

கூட்டம் கூடுனதும் எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்பு. இடைவெளி விட்டு வரணும்ல?" எனக்கும் அப்போ அது வசதியா இருந்துச்சு. ஆனா அந்தப் பையன் கையைப் பிடிச்சிக்கிட்டு மெதுவா சொன்னான்: "நீங்க பிரேக் போட்டதே தெரியலண்ணே."

அவனை ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வீட்டுக்கு வந்ததும், என் மகனை உள்ள உக்காரவெச்சு பிரேக்கை அழுத்தச் சொன்னேன். நான் பின்னாடி போய் நின்னேன். இடது பக்கம் சுத்தமா எரியல. வலது பக்கம் ஓரமா ரெண்டு மூணு புள்ளி மட்டும் மினுக்குது. கண்ணாடிக்கு நடுவுல மேல இருக்கற மூணாவது விளக்கை பிண்ணாக்கு மூட்டை மறைச்சிருந்துச்சு. அந்தப் பையன் சொன்னது சத்தியம்.

இது எப்படி ஆச்சுன்னு சொல்றேன். உங்கள்ல பல பேரு வீட்டுல இதே வேலை நடந்திருக்கும்.

காரு செகண்ட் ஹேண்டு. பின் விளக்கு மங்கலா இருக்கு, எல்இடி மாத்திடலாம்னு மகன் சொன்னான். இன்டர்நெட்ல மலிவா ஒரு ஜோடி வாங்கி மாட்டுனான். பளிச்சுன்னு எரிஞ்சுது. மறுநாளே மீட்டர் போர்டுல பல்பு படம் போட்ட மஞ்சள் விளக்கு வந்துடுச்சு. காரணம் எளிசுதான். பழைய பல்புல பிரேக்குக்கு 21 வாட், சும்மா எரியறதுக்கு 5 வாட்னு ரெண்டு இழை இருக்கும். அந்த இழைல கரண்டு ஓடுதான்னு காரு பார்த்துக்கிட்டே இருக்கும். எல்இடி ரெண்டு மூணு வாட்தான் எடுக்கும். கரண்டு குறைஞ்சதும் 'பல்பு பீஸ் போச்சு'ன்னு காரு நெனச்சுக்குது. சில வண்டில இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிக்கறதும் இதே காரணத்தாலதான்.

முதல்ல அந்த மஞ்சள் விளக்கு மேல கறுப்பு டேப்பு ஒட்டுனோம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு எலக்ட்ரீசியன் "ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா சரியாயிடும் சார்"னு போட்டுக் கொடுத்தாரு. மஞ்சள் விளக்கு அணைஞ்சுது. டேப்பைப் பிரிச்சோம். எல்லாம் சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருந்தோம்.

அங்கதான் நான் ஏமாந்தேன். எல்இடி எடுக்காத கரண்டை அந்த ரெசிஸ்டர் எடுத்துக்குது. கரண்டு ஓடறதால, பல்பு நல்லா இருக்குன்னு காரு நம்பிடுது. அப்புறம் ஐப்பசி மழைல லென்சுக்குள்ள தண்ணி எறங்கி எல்இடி செத்துப் போச்சு. ஆனா ரெசிஸ்டர் உயிரோடதான இருக்கு? கரண்டு ஓடுது. மீட்டர் போர்டுல எச்சரிக்கை வரவே இல்ல. பழைய பல்போட விட்டிருந்தா, அது பீஸ் போன அன்னிக்கே காரு என்கிட்ட சொல்லியிருக்கும். சொல்ற வாயை நானே காசு கொடுத்து அடைச்சிட்டேன்.

இன்னொண்ணு. அந்த மாதிரி 6 ஓம் ரெசிஸ்டர், பிரேக்கை அழுத்திப் பிடிச்சிருக்கற வரைக்கும் கிட்டத்தட்ட 30 வாட் சூட்டைக் கக்கும். ரேடியோ ரிப்பேர் கடைல ஈயத்தை உருக்கற சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு. கழட்டிப் பார்த்தப்ப பக்கத்துல இருந்த பிளாஸ்டிக் கொழகொழன்னு உருகி இறுகியிருந்துச்சு.

எல்இடி வேணாம்னு நான் சொல்லல. சாதா பல்பு இழை சூடாகி முழு வெளிச்சம் வர சுமார் 0.2 வினாடி கூடுதலா ஆகும். எல்இடி உடனே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்துல அந்த 0.2 வினாடிக்குள்ள வண்டி 3 மீட்டருக்கு மேல ஓடிடும். ஒரு மொபெட்டோட நீளத்தை விட அது ஜாஸ்தி. ஆனா அந்த லாபம், எல்இடிக்குன்னே செஞ்ச விளக்குல ஒழுங்கா கிடைக்கும். இழை பல்பு எங்க இருக்கும்னு கணக்குப் பண்ணி செஞ்ச கிண்ணத்துக்குள்ள எல்இடிய சொருகுனா வெளிச்சம் வேற எங்கயோ போகும். கிட்ட நின்னு பார்த்தா பளிச்சுன்னு இருக்கும், தூரத்துல வர்றவனுக்குச் சரியாத் தெரியாது. மாத்தியே ஆகணும்னா, உங்க மாடலுக்கே கம்பெனி கொடுக்கற முழு விளக்கு செட்டா வாங்கி, தெரிஞ்சவங்ககிட்ட மாட்டுங்க. செலவு அதிகம்தான். இல்லன்னா லென்சை நல்லாத் தொடச்சு, துரு பிடிச்ச எர்த் வயரைச் சுரண்டி, புது சாதா பல்பு போடுங்க. என் காருல இப்ப அதுதான் எரியுது. மங்கலா இருந்ததுக்குக் காரணமே துருப்பிடிச்ச எர்த்துதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. லென்சு மேல கறுப்பு பிலிம் ஒட்டறது, பிரேக் அடிச்சா டிஸ்கோ மாதிரி மின்ற விளக்கு போடறது, இதெல்லாம் எதுவுமே வேணாம்.

அந்த நடு விளக்கைப் பத்தியும் சொல்லணும். 1974-ல அமெரிக்காவுல ஜான் வோவோட்ஸ்கின்னு ஒரு உளவியல்காரர், சான் பிரான்சிஸ்கோ டாக்சிகள்ல பின்பக்கம் நடுவுல கூடுதலா ஒரு பிரேக் விளக்கு வெச்சுப் பார்த்தாரு. பின்னாடி இடிக்கற விபத்து சுமார் 60 சதவீதம் குறைஞ்சுது. 1986 மாடல் கார்லேருந்து அங்க அதைக் கட்டாயமாக்குனாங்க. எல்லா காருலயும் அது வந்து கண்ணுக்குப் பழகுன பிறகு, பலன் 4 சதவீதத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுடுச்சு. எனக்கு இதுல ரெண்டு பாடம். ஒண்ணு, ஒரு சின்ன விளக்கு ஆளைக் காப்பாத்தும். ரெண்டு, எப்பவும் பார்க்கற விளக்கை மனுஷன் கண்ணு மெல்ல மெல்லக் கவனிக்காம விட்டுடும்.

மீட்டர் போர்டு விளக்கும் அப்படித்தான். 'அது எப்பவும் எரியும்ங்க, சென்சார் கோளாறு'ன்னு நம்மள்ல எத்தனை பேரு சொல்றோம்? ஒரு மஞ்சள் விளக்கு ஆறு மாசமா எரிஞ்சுட்டே இருந்தா, நாளைக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு விளக்கு வந்தாலும் நம்ம கண்ணு அந்தப் பக்கமே போகாது. எண்ணெய்க் குவளை படம் சிவப்பா எரிஞ்சா அங்கயே ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்தணும், ஊரு வரைக்கும் போய்ப் பார்த்துக்கலாம்னு நினைச்சா இஞ்சின் போயிடும். இஞ்சின் சூடு விளக்கும் அப்படித்தான். பேட்டரி படம் எரிஞ்சா பேட்டரி சார்ஜ் ஏறலன்னு அர்த்தம், ராத்திரில நடு வழில நிக்க வேண்டி வரும். ஹேண்ட் பிரேக் எறக்கியும் பிரேக் விளக்கு சிவப்பா எரிஞ்சா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கலாம். மஞ்சள் இஞ்சின் விளக்கு சும்மா எரிஞ்சா சீக்கிரம் மெக்கானிக்கைப் பாருங்க, விட்டு விட்டு மின்னுனா வண்டியை விரட்டாதீங்க.

பழைய வண்டி வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்புங்க. ஏபிஎஸ், ஏர்பேக், இஞ்சின், ஆயில் எல்லா விளக்கும் ஒருதரம் எரியணும், வண்டி கெளம்புனதும் அணையணும். எரிஞ்சே ஆக வேண்டிய நேரத்துல ஒரு விளக்கு எரியலன்னா, யாரோ அதோட வாயைக் கட்டி வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

நம்ம நெய்வேலி சுரங்கத்தையே எடுத்துக்குங்க. பழுப்பு நிலக்கரிக்குக் கீழ பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கு. அந்தத் தண்ணி மேல நோக்கி அழுத்திக்கிட்டே இருக்கும். ராத்திரி பகல்னு பார்க்காம பம்பு போட்டு எறைச்சு அழுத்தத்தைக் குறைச்சாத்தான் கீழ வேலை பார்க்க முடியும். அந்தத் தண்ணிதான் வாலாஜா ஏரிக்கும் வந்து நிறைய வயலுக்குப் பாயுது. தண்ணி மட்டம் காட்டற மீட்டர் தொந்தரவா இருக்குன்னு அங்க யாராவது டேப்பு ஒட்டுவாங்களா? ஆயிரக்கணக்கான பேரு உயிர் அதுல இருக்குன்னு தெரியும். நம்ம காருல நாலு உயிர், பின்னாடி வர்ற மொபெட்ல ஒரு உயிர். எண்ணிக்கைதான் கம்மி.

இப்ப நம்ம டிராக்டருக்கு வர்றேன். இதைச் சொன்னா நம்மாளுங்களுக்குக் கோபம் வரும், பரவாயில்ல.

கரும்பு வெட்டுக் காலத்துல ராத்திரி ரோட்டுல போய்ப் பாருங்க. ஆலைக்குப் போற டிரெய்லர்ல பின் விளக்கு கிடையாது. இருந்தாலும் வயர் அறுந்து தொங்கும். அதுவும் நல்லா இருந்தா, பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற கரும்பும் தோகையும் மறைச்சிடும். கார் பிரேக் விளக்கு இல்லாமப் போனதுல ஒரு கை முறிஞ்சுது. இருட்டுல நிக்கற கரும்பு டிரெய்லர்ல மோதுனா கையோட போகாது.

கேட்டா, "வயலுக்குள்ள எறங்கி ஏறுனா வயர் எங்கங்க நிக்கும்?"னு சொல்வாங்க. நியாயந்தான், என் டிரெய்லர்லயும் நிக்கல. ஆனா ஒளி திருப்பற ஸ்டிக்கருக்கு வயரும் வேணாம், பேட்டரியும் வேணாம். டிரெய்லர் உட்பட எல்லா வண்டிக்கும் பின்னாடி சிவப்பு ஒளி திருப்பி இருக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 104-ஆவது விதியே சொல்லுது. போலீசு பிடிக்கும்னு ஒட்டாதீங்க, நம்ம ஊருப் புள்ளைங்கதான் பின்னாடி வருதுன்னு ஒட்டுங்க. கரும்பு மறைக்காத மாதிரி கீழ்ச் சட்டத்துல ஒட்டுங்க. சேறு படிஞ்சா தொடைங்க. ஆலைங்க மனசு வெச்சா, எடை போடற இடத்துலயே ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்கு ஒட்டி அனுப்பலாம். ஒரு லோடு கரும்பு விலைல அது எந்த மூலைக்கு?

தைப்பூசத்துக்கு வடலூருக்கு ஜோதி பார்க்க ராத்திரியெல்லாம் ஜனங்க ரோட்டுல நடந்து வர்றதை வருஷா வருஷம் பார்க்கறோம். அந்த ஒரு ராத்திரி எல்லாரும் வண்டியை மெதுவா ஓட்டறோம். மத்த 364 ராத்திரியும் அதே ரோட்டுல ஆளு போறாங்க.

எங்கப்பா காலத்துல மாட்டு வண்டிதான். பொழுது சாஞ்சு கெளம்புனா, வண்டிக்கு அடில ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவாரு. சின்னப் பிள்ளையா இருக்கறப்ப கேட்டேன், "ஏம்ப்பா, முன்னாடி கட்டுனா நமக்கு வழி தெரியும்ல?" அதுக்கு அவர், "மாட்டுக்கு வழி தெரியும்டா. இது பின்னாடி வர்றவனுக்கு"ன்னாரு.

அந்தப் பையனுக்கு மாவுக்கட்டு பிரிச்சாச்சு. ஆஸ்பத்திரி செலவும், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் நான் கொடுத்தேன். "எதுக்குண்ணே இதெல்லாம்"னான். வாங்க மாட்டேன்னவன் கையில அவங்க அம்மாதான் வாங்கி வெச்சாங்க. விரல் இன்னும் முழுசா மடங்கல, பயிற்சி பண்ணச் சொல்லியிருக்காங்க.

இப்பல்லாம் ராத்திரி கெளம்பறதுக்கு முன்னாடி காரை ஒரு சுவத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பார்க்கறேன். கண்ணாடில பார்த்தா சுவத்துல சிவப்பு வெளிச்சம் ரெண்டு பக்கமும் தெரியும், நடுவுலயும் தெரியும். துணைக்கு ஆளு வேணாம், பத்து வினாடி வேலை. இன்னிக்கு ராத்திரி உங்க வண்டியையும் ஒருதரம் இப்படி நிறுத்திப் பாருங்க.