டேப் நல்லதுதான், கீழே இருப்பது என்ன?

கார் சாமானைப் பற்றிப் பெண்கள் இதழில் என்ன எழுத்து என்று சில சகோதரிகள் நினைக்கக் கூடும். ஆனால், பாடசாலைப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்கி அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் பெண்கள் இன்று எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் கூடப் பொன்னாகி விட்டது. லீசிங் கட்டி ஓடும் காரில் பெயின்ட் உரிந்தால், விற்கும் நாளில் விலையிலேயே கை வைத்து விடுவார்கள்.

எங்கள் மகளிர் சேமிப்புக் குழுவிலுள்ள ஒரு சகோதரி அண்மையில் ஒரு கார் வாங்கினார். முன்னைய சொந்தக்காரர் கதவுகளிலும் டிக்கியிலும் பி.பி.எப். என்ற பெயின்ட் பாதுகாப்புப் படலத்தை ஒட்டியிருந்தார். பாடசாலை வாசல் நெரிசலில் பிற வாகனங்களின் கதவு இடிக்காதிருக்கப் பக்கவாட்டில் ரப்பர் பட்டி பூட்ட வேண்டும். மகனின் ஆசைக்காக டிக்கியில் ஒரு ஸ்பொய்லரும் வேண்டும். இரண்டுமே இருபக்க டேப்பில் ஒட்டுபவை.

"நல்ல டேப் அக்கா, ஆணி அடிச்ச மாதிரி நிற்கும்" என்றாராம் கடைக்காரர். சந்தேகம் தீராமல், "மிஸ், அந்தப் படலத்துக்கு மேலேயே ஒட்டலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. கடைக்காரர் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. (கராஜுக்குப் போனால் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்பார்கள். பணம் கட்டுவது யார் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்!)

சுவரில் ஒட்டிய கலண்டர் தாளின் மேல் ஒரு கொளுக்கியை ஒட்டிப் பையைத் தொங்க விடுங்கள். கொளுக்கி தாளை விடாது. தாள்தான் சுவரை விட்டு வரும். இங்கும் அதே கதை. பி.பி.எப். என்பது ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலியூரத்தேன் படலம். கல் பட்டால் தாங்கவும், வேண்டாத நாளில் பெயின்டுக்குச் சேதமின்றி உரித்தெடுக்கவும் செய்யப்பட்டது. பாரம் சுமப்பதற்கல்ல. போதாததற்கு, அழுக்கு ஒட்டாதிருக்க அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அழுக்கு ஒட்டாத இடத்தில் டேப்பும் இலகுவில் ஒட்டாது. அதற்கென்று பிரைமர் திரவம் பூசுவார்கள்; அது சிலவகைப் படலங்களைக் கறைப்படுத்தும்.

ஆகவே பாரத்தைப் பாருங்கள். மெல்லிய பட்டி, சிறிய எழுத்துச் சின்னம் போன்றவை படலத்தின் மேல் நிற்கும். பின்னர் கழற்றினால் அந்த இடத்துப் படலமும் கிழியலாம் என்பதை மட்டும் ஏற்றுக் கொள்ள வேண்டும். ஸ்பொய்லர் அப்படியல்ல. ஓடும்போது காற்று அதை விடாமல் இழுக்கும். கழன்றால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் முகத்தில்தான் போய் விழும். அதை ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், படலம் ஒட்டுபவரைக் கொண்டு அந்த இடத்துப் படலத்தை அகற்றி, பெயின்டில் நேரடியாக ஒட்டுவிக்க வேண்டும். காரின் மேல் வைத்தே பிளேட்டால் வெட்ட விடாதீர்கள். பெயின்டில் கோடு விழும்.

பட்டி ஒட்டும் நாளிலும் அவசரம் ஆகாது. படலம் புதிதென்றால் அடியிலுள்ள ஈரம் வற்ற ஓரிரு வாரமாவது விடுங்கள். ஐசோபுரோப்பைல் அற்ககோலும் தண்ணீரும் கலந்து துடைத்து, நன்றாக உலர விட்டு, பெருவிரலால் நெடுக அழுத்த வேண்டும். டேப் நன்கு பிடிக்க 21 முதல் 38 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. கொழும்பில் இது பிரச்சினையல்ல. நுவரெலியாவில் காலைக் குளிரில் ஒட்டுவதை விட வெயில் ஏறிய பிறகு ஒட்டுவது நல்லது. முழுப் பிடிப்பு வர 72 மணித்தியாலம் செல்லும். அதுவரை கார் கழுவக் கூடாது. ஒட்டிய கையோடு தண்ணீர் அடித்துப் பளபளக்கக் கொடுக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சகோதரி ஒரு வெள்ளிக்கிழமை மாலை பட்டியை மட்டும் ஒட்டுவித்து, திங்கள் மாலை வரை காரை எடுக்கவில்லை. திங்களன்று பிள்ளைகளை இன்னொரு சகோதரியின் வேன் ஏற்றிச் சென்றது. ஸ்பொய்லர் இன்னும் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. மகன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறானாம்.